பூ டப்பாவும் எக்ஸ்ரே பெட்டியும்

போன வாரம் ஒரு தங்கச்சி போன் செய்தாள். அவளுடைய ஒன்பது வயதுப் பையனுக்கு இன்சுலின் பம்ப் மாட்டி மூன்று மாதம் ஆகிறது. கோடை விடுமுறைக்கு சிங்கப்பூர் போகிறார்கள்.

"அக்கா, ஏர்போர்ட்ல பம்ப்பைக் கழட்டச் சொல்வாகளா? மருந்து, ஊசி எல்லாத்தையும் பெரிய பெட்டியில துணிக்கு நடுவுல வச்சு அனுப்பிரவா? யாரு கண்ணுலயும் படாமப் போயிரும்ல?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதற்கு, "கூடவே கூடாது" என்றேன். மூன்றாவது கேள்விதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. யார் கண்ணிலும் படாமல். எங்கள் வீட்டில் இருபது வருடம் நடந்தது அந்தக் குடித்தனம்தானே.

ஐம்பது நிமிடம் பேசினோம். போனை வைத்த பிறகும் சொல்லாமல் விட்டது நிறைய இருப்பதாகப் பட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பூ டப்பா

எனக்கு டைப் 1 என்று தெரிந்தது 2001-இல். அப்போது 11 வயது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற சுகர் வேறு, இது வேறு. அது பெரும்பாலும் டைப் 2. உடம்பில் இன்சுலின் சுரக்கும், ஆனால் அதன் பேச்சை உடம்பு சரியாகக் கேட்காது. பலர் மாத்திரையிலேயே காலம் தள்ளிவிடுவார்கள். டைப் 1-இல் நம் நோய் எதிர்ப்பு சக்தியே வழி தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றித்தான் உயிர் வாழ வேண்டும். மாத்திரை, பத்தியம், பாகற்காய் எதுவும் அதற்கு ஈடு கிடையாது.

அம்மாவுக்கு இது புரிந்தது. அதற்கு முன்னாலேயே வேறொன்று புரிந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது.

மதுரைக்காரர் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் இல்லாமல் இருக்கலாம், பூ டப்பா இல்லாமல் இருக்காது. எங்கள் வீட்டுப் பூ டப்பாவில் மேலே ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரம், அதற்கு அடியில் என் இன்சுலின் பாட்டில். பக்கத்து வீட்டு அக்கா ஐஸ் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தாலும் பூதான் தெரியும். பல வருடம் என் மருந்து மல்லிகை வாசம் அடித்தது.

கல்யாண மண்டபங்களில் பந்திக்கு முன்னால் நான் பாத்ரூமுக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வேன். அம்மா கதவுக்கு வெளியே காவல் நிற்பாள். சுகர் இறங்கித் தள்ளாடினால், "பிள்ளைக்கு வெயிலு ஒத்துக்கல" என்பாள். மார்கழியிலும் எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2012-இல் நாள் முழுக்க மின்சாரம் போய்ப் போய் வந்த காலத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தும் பிரயோஜனமில்லை. அம்மா கொல்லையில் ஒரு மண்பானையில் ஆற்று மணலைப் போட்டு, நீர் தெளித்து, அதற்குள் சின்னச் சட்டி ஒன்றைப் பதித்து, அதில் இன்சுலினை வைத்து ஈரச் சாக்கால் மூடினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பாட்டில்கூட வீணாகவில்லை. மறைத்தவளும் அவள்தான், காத்தவளும் அவள்தான்.

பெண் பார்க்க வந்த அன்று நானே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "ஃப்ரிட்ஜ் இல்லாத ஊருக்கு மாத்தல் வந்தா என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார். மண்பானைக் கதையைச் சொன்னேன். கல்யாணமும் ஆயிற்று. பம்ப்பும் வந்தது. ஆனாலும் சொந்தபந்தத்துக்கு என் இடுப்பில் தொங்குவது இன்றுவரை ஏதோ ஒரு புது மாதிரி போன்தான்.

துணிக்கு நடுவில் வைத்த கதை

2019-இல் ஓர் ஊருக்கு உள்நாட்டு விமானத்தில் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அப்போது பம்ப் கிடையாது, ஊசிதான். பழகிய புத்தி, சிரிஞ்சு, பாட்டில், ரத்தம் குத்திப் பார்க்கும் ஊசி எல்லாவற்றையும் கைப்பையில் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

எக்ஸ்ரே பெட்டிக்குத் துப்பட்டா தெரியாது, ஊசி தெரியும். பையைத் தனியே ஒதுக்கினார்கள். ஒருவர் துப்பட்டாவை உதறினார். சிரிஞ்சுகள் மேஜை மேல் சிதறின. "யே க்யா ஹை?" என்று அவர் கேட்ட சத்தத்தில் நான்கு வரிசை திரும்பிப் பார்த்தது. டாக்டர் சீட்டு எங்கே என்றார். அது பெரிய பெட்டிக்குள் போயிருந்தது. கால் மணி நேரம் நின்றேன். குற்றம் செய்யாமலே குற்றவாளியின் முகம் எப்படி வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவர் கத்தியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னால் யோசித்தபோது ஒன்று உறைத்தது. அவருக்கு எதிரில் இருந்தது ஒரு நோயாளி இல்லை, ஒரு துணியும் அதில் சுருட்டிய ஊசிகளும். ஒளித்து வைத்த பொருளைத்தான் அவர் கண்டுபிடித்தார். அவர் வேலையே அதுதான். 1999 டிசம்பரில் நம் விமானத்தைக் கந்தகாருக்குக் கடத்திய பிறகு, 2000-இலிருந்து ஒவ்வொரு விமான நிலையமாக மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைத்ததே இந்தத் துருவலுக்காகத்தான். பூ டப்பா தத்துவம் ஊருக்குள் செல்லும். அந்தக் கன்வேயர் பெல்ட்டில் செல்லாது.

லேகியம் ஒரு பக்கம், இன்சுலின் ஒரு பக்கம்

2024 நவம்பரில் சிங்கப்பூரில் என் கூடப்பிறந்த தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்க்க அம்மா, அம்மாவுக்குத் துணையாக நான். மதுரையிலிருந்தே நேர் விமானம்.

வீட்டுக் கூடத்தில் இரண்டு குவியல். அம்மாவுடையதில் பிரசவ லேகியம் ஒரு கிலோ, கருப்பட்டி, சுக்கு, பூண்டு ஊறுகாய், பருப்புப் பொடி, கசகசா. கசகசாவைப் பார்த்ததும் தங்கச்சி வீடியோவிலேயே அலறினாள். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட சரக்கு, போதைப்பொருள் கணக்கில் வரும். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே முன்னனுமதி வேண்டும். "குருமாவுக்குப் போடுறதுக்கு என்னத்துக்குடி போலீசு?" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே டப்பாவை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

லேகியத்தைக் கையில்தான் கொண்டு வருவேன் என்று நின்றாள். முடியாது. திரவம், களி, பசை எதுவானாலும் வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் ஒரு பாத்திரத்தில் இருக்கக் கூடாது. 2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டில்களில் வெடிதிரவம் கொண்டுபோய் அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்க நடந்த சதியை லண்டனில் பிடித்தார்கள். அதிலிருந்து உலகம் முழுக்க வந்த விதி இது. பதினெட்டு வருடம் கழித்து மதுரையில் ஒரு பிரசவ லேகியம் பெரிய பெட்டிக்குப் போனது அதனால்தான்.

பயணத்துக்கு வேண்டிய மருந்துக்கு அந்த 100 மில்லி கணக்கு கிடையாது. இன்சுலின், அதைக் குளிர வைக்கும் ஜெல், இருமல் மருந்து, குழந்தைப் பால் எல்லாவற்றுக்கும் விலக்கு உண்டு. ஒரே நிபந்தனை, நாமே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். விலக்கு எப்போதும் கேட்கிறவருக்குத்தான். அதே 2024-இல் சபரிமலை சீசனுக்கு இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகவே விலக்கு கிடைத்தது. சாமிக்குத் தேங்காய் என்று வாய் திறந்து கேட்டார்கள், கிடைத்தது. நாம் உயிர் மருந்துக்குக் கேட்கத் தயங்குகிறோம்.

என் குவியல் இது. இன்சுலின், வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு. பம்ப்பின் குழாய் செட், சென்சார், பம்ப் மக்கர் செய்தால் பழைய வழிக்குப் போக சிரிஞ்சு, விரல் குத்திப் பார்க்கும் மீட்டர், பேட்டரி, குளுக்கோஸ் பொடி. இதில் ஒன்றுகூடப் பெரிய பெட்டிக்குப் போகவில்லை. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் நான் சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். இன்னொரு காரணம், இன்சுலின் உறைந்தால் செத்தது. மறுபடி உருகினாலும் வேலை செய்யாது. விமானத்தின் அடிவயிற்றில் எவ்வளவு குளிரும் என்று யார் கண்டது. ஐஸ் கட்டியோடு ஒட்ட வைத்தாலும் இதே கதிதான், நடுவில் துணி வேண்டும்.

திறக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்துவது சாதாரண அறைச் சூட்டில், 30 டிகிரிக்கு மேல் போகாமல், பெரும்பாலான வகைகளில் 28 நாள் தாங்கும். நான் எடுத்துப் போவது தண்ணீரில் நனைத்தால் உள்ளிருக்கும் மணிகள் ஊறி, ஈரம் ஆவியாக ஆவியாகக் குளிரும் பை. ஃப்ரிட்ஜும் ஐஸும் வேண்டாம். அம்மா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். "இது நம்ம பானைதானே?" என்றாள். அதேதான். நூறு ரூபாய்ப் பானையை மூவாயிரம் ரூபாய்க்குத் துணியில் தைத்து விற்கிறார்கள்.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு கூவல்

மதுரை விமான நிலையத்தில் சிங்கப்பூர் வரிசை என்பது பாதி தெரிந்த முகங்கள். எங்களுக்கு நான்கு பேர் முன்னால், எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு பெரியம்மா. மகன் வீட்டுக்குப் போகிறார். அம்மா என் முழங்கையை அழுத்தினாள்.

"அந்தப் பையை இப்ப வெளிய எடுக்காத. அவுக போகட்டும்."

"அம்மா, நான் முதல்லயே சொல்லணும்."

"மெதுவாச் சொல்லு."

2019-க்குப் பிறகு நான் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருக்கிறேன். பம்ப்பின் கையேட்டில், எக்ஸ்ரே பெட்டிக்குள்ளும் முழு உடல் ஸ்கேனரிலும் அதைக் கொண்டுபோகாதீர்கள் என்றிருக்கிறது. மெட்டல் டிடெக்டர் வாசலில் நடக்கலாம், கையால் தடவிச் சோதிக்கலாம். உதிரி சென்சாருக்கும் எக்ஸ்ரே வேண்டாம். இது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். ஒருவர் சென்சார் ஸ்கேனரில் போகலாம், இன்னொருவருடையது போகக் கூடாது. அதனால் உங்கள் கருவியின் கையேட்டைத்தான் நம்ப வேண்டும், என் பதிவை இல்லை.

ட்ரே எடுக்கிற இடத்திலேயே நின்றவரிடம் சொன்னேன். "சார், எனக்கு சுகர். இடுப்பில இன்சுலின் பம்ப் இருக்கு, கழட்ட முடியாது. இந்தப் பையில சென்சார், எக்ஸ்ரேல போடக் கூடாது. கையால செக் பண்ணிக்கிறீங்களா? டாக்டர் லெட்டர் இது." இந்தியில் எனக்குத் தெரிந்த அரைகுறையிலும் ஒரு தடவை சொன்னேன். பையைக் கையில் வாங்கிக்கொண்டார். மற்றதெல்லாம் பெல்ட்டில் போனது. கைப்பை, செருப்பு, போன்.

பெண்களைச் சோதிக்கும் திரை மறைவுக்கு முன்னால் நிற்கிறேன். அப்போது கேட்டது. எக்ஸ்ரே பெட்டியின் வாய்க்குள் பாதி நுழைந்த ட்ரேயிலிருந்து, ஆம்புலன்ஸ் குட்டி போட்ட மாதிரி ஒரு கூவல்.

என் போன். சென்சார் என் கையில் ஒட்டியிருக்கிறது, அளவு போனில் தெரியும், 70-க்குக் கீழே இறங்கினால் போன் கத்தும். சைலன்ட்டில் போட்டாலும் கத்துகிற மாதிரி நானேதான் வைத்திருந்தேன். ஏர்போர்ட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு இன்சுலின் கொடுத்தாயிற்று. பிறகு பெட்டி தள்ளி, வரிசையில் நின்று, இமிக்ரேஷன் முடித்து, சாப்பாடு மட்டும் நடக்கவில்லை. கை லேசாக நடுங்குவது அதற்குள் எனக்கே தெரிந்தது.

கூவல் பெட்டிக்குள் போய் அமுங்கியது, உள்ளிருந்து பேய் மாதிரி முனகியது. பெல்ட் நின்றது. "கிஸ்கா போன் ஹை?" எல்லாரும் திரும்பினார்கள்.

அந்த நேரத்தில் நான் செய்த மடத்தனம் புரிந்தது. போன் உள்ளே. குளுக்கோஸ் பொடியும் கைப்பையோடு உள்ளே. மருந்தைக் கையில் கொடுக்க அவ்வளவு யோசித்தவள், சர்க்கரையைச் சட்டைப்பையில் போட மறந்துவிட்டேன்.

"மேடம், என் போன்தான். சுகர் இறங்குது, சாப்பிட ஏதாவது..." என்று சொல்ல வந்தேன். வார்த்தை கொழகொழத்தது. சுகர் இறங்கினால் முதலில் போவது மூளையின் சுறுசுறுப்பு. விளக்கம் சொல்ல வேண்டிய நேரத்தில்தான் விளக்கம் சொல்லும் உறுப்பு ஓய்வு கேட்கும்.

பின்னாலிருந்து அம்மா குரல். பாத்ரூம் கதவுக்கு வெளியே இருபது வருடம் அடக்கி வைத்த குரல்.

"யம்மா தாயி, எம் மகளுக்குச் சின்ன வயசுலருந்து சுகரு! இன்சுலினு போடுற பிள்ளை! இறங்கிருச்சுன்னா மயங்கி விழுந்துருவா! ஒரு நிமிசம் விடு தாயி!"

எல்லாவற்றையும் ட்ரேயில் போடச் சொன்னபோது அம்மா ஒன்றை மட்டும் போடவில்லை. இடுப்பில் செருகிய சுருக்குப்பை. அதிலிருந்து ஒரு கை கல்கண்டை எடுத்து என் வாயில் திணித்தாள். கடித்து மென்றேன். திரைக்குள்ளிருந்து வந்த பெண் அதிகாரி, மலையாளம் கலந்த தமிழில், "உக்காரு, உக்காரு" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். யாரோ போனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 64.

வேகமாக ஏறும் சர்க்கரை 15 கிராம், பிறகு 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது கணக்கு. அந்த 15 நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வரிசை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அளவு 88-க்கு வந்ததும் அந்த அதிகாரி திரைக்குள் கூப்பிட்டார். பம்ப்பைப் பார்த்தார். என்னையே தொடச் சொல்லி, என் விரல்களை ஒரு துணித்துண்டால் துடைத்து, அதை வெடிமருந்து கண்டறியும் கருவியில் வைத்தார். சென்சார் பெட்டியைப் புரட்டினார். லெட்டரை அரை நிமிடம் படித்தார்.

"ஓகே. போகலாம்."

அவ்வளவுதான். பரிதாபம் இல்லை, "இந்த வயசுலயா?" இல்லை, "கல்யாணம் ஆயிருச்சா?" இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்தால் அம்மா பெரியம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் தூரத்தில் ஒரு தூணோரம் நின்று, சோதனைக்குக் கழற்றிய வளையலை மறுபடி கையில் ஏற்றப் போராடிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கேட்டார்: "ஏங்க, உங்க கிட்ட சோப்பு இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இவுகளுக்குக் கேக்கலையா?"

"கேட்டிருக்கும்மா. வளையல் ஏறல, அவுக கவலை அவுகளுக்கு."

அம்மா வெகுநேரம் பேசவில்லை. நாங்கள் யாருக்காக ஒளித்து வைத்தோமோ அவர்கள் எல்லாரும் அவரவர் வளையலோடுதான் இருந்தார்களா என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாருக்கும் 'ஓகே, போகலாம்' கிடைப்பதில்லை

இதைப் படித்துவிட்டு, வாயைத் திறந்து சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். நடிகையும் நாட்டியக்காரருமான சுதா சந்திரனுக்கு 1981-இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தில் ஒரு கால் போனது. ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு மறுபடி மேடை ஏறியவர். அவர் கதையை 'மயூரி' என்று படமாகவே எடுத்தார்கள், அவரே நடித்தார். நாடே அறிந்த அந்தக் காலை விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் வீடியோ போட்டுப் பிரதமரிடம் முறையிட்டார். பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்வது விதிவிலக்கான சூழலில் மட்டும்தான் என்றும் சொன்னது. அவர் சொல்லாமலா இருந்தார்? ஆகவே நாம் சொல்வது பாதி, கேட்கிறவர் பழகியிருப்பது மீதி. மீதியை நாம் பழக்கித்தான் ஆக வேண்டும். இன்று ஒரு பம்ப்பைப் பார்த்த அதிகாரிக்கு நாளை வரும் பிள்ளையின் பம்ப் புதிதாக இருக்காது.

என் மாமாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர். அவருக்குக் கொடுத்திருக்கிற அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வரிசையில் நிற்பார். வாசல் வழியாகச் சும்மா நடந்து போவதில் பிரச்சினை இல்லை, அங்கேயே சாய்ந்து நிற்கக் கூடாது. கையில் பிடித்துத் தடவும் கருவியை நெஞ்சுக்கு மேலே வெகுநேரம் வைக்க வேண்டாம், கையால் சோதியுங்கள் என்று கேட்கலாம். கூட வேலை பார்க்கும் ஒருவர் தூக்கத்தில் மூச்சு நிற்பதற்காக சிபாப் கருவி வைத்திருக்கிறார். அது எக்ஸ்ரேயில் தாராளமாகப் போகலாம். ஆனால் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு வர வேண்டும். ட்ரேயில் வெறுமனே வைக்காமல் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பது நல்லது, அதே ட்ரேயில்தான் ஊர்ச் செருப்பெல்லாம் போகிறது. உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும். 100 வாட்-அவருக்கு மேல் என்றால் விமான நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.

வீட்டில் பயன்படுத்தும் ஆக்சிஜன் சிலிண்டரை நாமாகக் கொண்டு ஏற முடியாது. விமான நிறுவனம் ஏற்கும் மாடல் கையடக்க ஆக்சிஜன் கருவிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். நுரையீரல் பலவீனமானவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இருக்காது, சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாக இறங்கலாம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். ஊட்டியில் மூச்சு வாங்குகிறவர் டிக்கெட் எடுக்கும் முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

அந்த அழுத்தம் என் பம்ப்பிலும் விளையாடும். விமானம் ஏறும்போது வெளி அழுத்தம் குறைய, இன்சுலினில் கரைந்திருந்த காற்று குமிழியாகும். குமிழி இன்சுலினைக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிடும். ஏறும்போது குழாயைக் கழற்றிவிட்டு, மேலே போய் நிலைத்ததும் குமிழியைத் தட்டி வெளியேற்றிவிட்டு மாட்டச் சொல்லி எனக்கு டாக்டர் அறிவுரை. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கொஞ்சமும் அதிகம் என்பதால் போன் செய்த தங்கச்சியிடம் இதை இரண்டு முறை சொன்னேன். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால் இறங்கியதும் பம்ப்பின் கடிகாரத்தையும் மாற்ற வேண்டும்.

போன் செய்த தங்கச்சிக்குச் சொன்னதன் சுருக்கம்

டாக்டர் லெட்டர் ஆங்கிலத்தில், லெட்டர்பேடில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில் வாங்கு. மருந்தின் வேதிப்பெயர், கருவியின் பெயர், ஊசி உண்டு, எக்ஸ்ரே கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரட்டும். மூன்று நகல், ஒன்று போனில். மருந்தை அட்டைப் பெட்டியோடு, மருந்துக்கடை லேபிளோடு எடுத்துப் போ. இரண்டு பங்காகப் பிரித்து உன் பையில் பாதி, உன் வீட்டுக்காரர் பையில் பாதி வை. சிங்கப்பூருக்குச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு மருந்து வரை கொண்டுபோகலாம். நேரம் ஒரு மணி கூடுதலாக வைத்துக்கொள். சர்க்கரை பையனின் சட்டைப்பையில் இருக்கட்டும். சாப்பிட்டு முடித்துவிட்டு வரிசைக்கு வா.

கடைசியாக, அந்த வாக்கியத்தைப் பையனுக்கே சொல்லிக் கொடு. "எனக்கு டைப் 1. இது என் இன்சுலின் பம்ப்." ஒன்பது வயது போதும். எனக்கு அதைச் சொல்ல முப்பது வயது ஆயிற்று.

திரும்பி வந்த கதை

நாற்பது நாள் பத்தியம் முடித்துத் திரும்பினோம். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் சோதனை விமானம் ஏறும் வாசல் பக்கத்திலேயே நடக்கும். தண்ணீர் பாட்டிலோடு போனால் அங்கே கொட்டத்தான் வேண்டும். நான் இந்த முறை சட்டைப்பையில் சர்க்கரையும், வாயில் வாக்கியமுமாகத் தயாராக நின்றேன்.

அம்மா எனக்கு முன்னால் போய்விட்டாள். அங்கே இருந்த அதிகாரி தமிழர் என்று பெயர்ப் பட்டையில் பார்த்திருக்கிறாள்.

"தம்பி, பின்னால வர்றது எம் மக. பிறவியில இல்ல, பதினோரு வயசுல வந்த சுகரு. இடுப்புல இன்சுலின் மிசினு. இந்தப் பையை உங்க பெட்டிக்குள்ள விடக் கூடாது, கையால பாத்துக்கங்க. லெட்டர் வேணுமா?"

"சரிங்கம்மா. அதை இப்படித் தனியா வையுங்க."

இரண்டு நிமிடத்தில் நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். அம்மா வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் கைப்பை மேஜை மேல் திறந்து கிடக்கிறது. உள்ளே ஊர்ச் சனத்துக்கெல்லாம் கொடுக்க வாங்கிய கோடாலித் தைலம், 24 பாட்டில். ஒவ்வொன்றும் 56 மில்லி, 100-க்குக் கீழேதான். ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டுமே. அதிகாரி பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்க, அம்மா அந்தப் பையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிக்குமேல் விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

"ஏம்மா, பெரிய பெட்டியில வச்சிருக்கலாம்ல?"

"உனக்கு மட்டும் அவ்வளவு மருந்தையும் விட்டாக. எனக்குந்தானே முட்டி வலி, அதைச் சொல்லி விலக்குக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"இத்தனை முட்டியான்னு கேக்குறாரு."